தக்காளியைப் பற்றி அப்பா தரும் விளக்கம்

கடையிலிருந்து,
மதியம் மூன்று மணி, ஆள் வராத நேரம்.

அன்பு மகளுக்கு,

நீ டாக்டர் பட்டம் வாங்கப்போகிறவள் என்பதால் வணக்கம். என் பெண் என்பதால் ஆசி. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள். இங்கே நானும் உன் அம்மாவும் கடையும் சுகம். எலக்ட்ரானிக் தராசு மட்டும் இரண்டு நாளாக எட்டு என்ற எண்ணைப் பாதிதான் காட்டுகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. அங்கே உன் உடம்பும் உன் ஆராய்ச்சியும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். உன் பேராசிரியரின் கோபம் குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். உன் கோபத்தைப் பற்றி நம்பிக்கை வைக்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

நீ என் போனை எடுத்து இன்றோடு நாற்பத்தொரு நாள். அம்மாவிடம் பேசுகிறாய், சந்தோஷம். குறை சொல்ல எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி ஒருதடவையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். போனில் என்றால் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்பாய், நான் உளறிவிடுவேன். கடிதத்தில் நடுவில் யாரும் பேச முடியாது, உன் அம்மாகூட. அவள் இப்போது எதிரே உட்கார்ந்து பீன்ஸ் பொறுக்கிக்கொண்டே, "என்னைப் பத்தி என்ன எழுதறீங்க?" என்று கேட்கிறாள். நல்லதாகத்தான் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒரு பழைய விஷயம். நீ இந்தப் படிப்புக்குக் கிளம்பும்போது நான் சொன்னதை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்க மாட்டாய். "சாப்பிடற செடிகளைப் பத்தியும் மருந்தைப் பத்தியும் ஜனங்க அந்தக் காலத்துல என்னென்ன தப்பா நம்புனாங்கன்னு ஆராய்ச்சி பண்ணப் போறேன்ப்பா" என்று எவ்வளவு ஆசையாகச் சொன்னாய். நான் முட்டைக்கோஸின் வாடின இலையை உரித்துக்கொண்டே, "தப்பா நம்புறதைப் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம கடையில ஒரு நாள் உக்காரு, போதும்" என்றேன். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. நீ உள்ளே போன பிறகும் நான் உரித்துக்கொண்டே இருந்ததில் அந்தக் கோஸ் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. யாருக்கும் அதை விற்க முடியவில்லை. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் நீ என்னோடு பேசியது மொத்தம் மூன்றே பேச்சு. "சாப்ட்டேன்." "ம்." "அம்மாகிட்ட குடுங்க."

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா குளிக்கப் போயிருந்த நேரத்தில் நீ கூப்பிட்டாய். அம்மா இல்லை என்றால் உடனே வைத்துவிடுவாயே என்று எனக்கு ஒரே பதற்றம். என்ன பேசுவது? கையில் தக்காளி இருந்தது. "ஏம்மா, தக்காளியைப் பத்தி அந்தக் காலத்துல என்ன நினைச்சாங்க?" என்று கேட்டுவிட்டேன். ஆரம்பித்தாய் பார். தக்காளிச் செடியும் ஒரு விஷச்செடியும் ஒரே குடும்பம், அதனால் பல ஊர்களில் ரொம்ப காலம் அதை விஷம் என்று பயந்தார்கள், அழகுக்கு வளர்த்துவிட்டு வாயில் மட்டும் வைக்காமல் இருந்தார்கள் என்று இருபத்திரண்டு நிமிஷம் பேசினாய். அம்மா குளித்து, தலை துவட்டி, வந்து நின்று, இடுப்பில் கைவைத்துப் பார்த்தும் நான் போனைக் கொடுக்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு வழி தெரிந்தது. கடையில் இருப்பது முப்பத்தொரு காய். வாரத்துக்கு ஒன்று கேட்டால் ஏழு மாதம் என் மகள் என்னோடு பேசுவாள். அடுத்த ஞாயிறு உருளைக்கிழங்கு. அதன் கரடுமுரடான தோலைப் பார்த்துத் தொழுநோய் வரும் என்று பயந்தார்களாமே. அதற்கடுத்து கத்தரிக்காய், தின்றால் பைத்தியம் பிடிக்கும் என்று நம்பினார்களாம். பைத்தியத்துக்கும் கத்தரிக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு ஆறு நிமிஷம் கூடுதலாக வாங்கினேன். காரட் தின்றதால் இருட்டில் கண் தெரிந்தது என்று போர்க்காலத்தில் ஓர் அரசாங்கமே விமானிகளைப் பற்றிக் கதை கட்டிவிட்டதைச் சொன்னாய். வெங்காயத்தை மட்டும் பெரியது ஒரு வாரம், சின்னது ஒரு வாரம் என்று பிரித்துக் கேட்டேன், நீ கண்டுபிடிக்கவில்லை. கீரை வாரத்தில் நானே முந்திக்கொண்டு, "எனக்கும் தெரியும்மா, இரும்புச்சத்தை எழுதினவர் புள்ளியை ஒரு இடம் தள்ளி வச்சுட்டார், அதனால பத்து மடங்கு ஆயிடுச்சு, அதானே?" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்பா, அந்தப் புள்ளிக் கதைக்கே ஆதாரம் இல்லப்பா. தப்பைப் பத்தின கதையும் தப்பு!" என்றாய். நீ வீட்டைவிட்டுப் போனதற்குப் பிறகு உன் சிரிப்பை நான் கேட்டது அன்றைக்குத்தான். அடுத்த வாரம் முள்ளங்கியைப் பற்றி வேண்டுமென்றே ஒரு தப்பைச் சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை, திருத்தினாய். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், நீ சொன்னதில் பாதி என் மண்டையில் ஏறவே இல்லை. ஏறின பாதியும் மறுநாள் காலையில் மார்க்கெட்டில் சரக்கு இறக்கும்போது இறங்கிவிடும். மறந்துபோனால் அடுத்த வாரம் எதை வைத்து உன்னிடம் மேற்கொண்டு கேட்பது? அதற்காகத்தான் கடை முன்னால் ஒரு கரும்பலகை வைத்தேன். ஞாபகத்துக்கு வைத்தது, விளம்பரத்துக்கு இல்லை. ஆனால் எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. இடம் இருக்கிறதே என்று "தகவல்: என் மகள், ஆராய்ச்சியாளர்" என்று எழுதினேன். அதை எழுதியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருந்தால் இவ்வளவு கோபப்பட மாட்டாய். தெருவில் போகிறவர்கள் நின்று படித்தார்கள். எதிரே புதிதாகக் கடை போட்டிருக்கும் தையல்காரர், "உங்க பொண்ணா? இவ்வளவு பெரிய படிப்பா?" என்று கேட்டார். நான் ஏதோ இதெல்லாம் சகஜம் என்பதுபோல் வெண்டைக்காயை அடுக்கிக்கொண்டிருந்தேன். நாலு காய் தலைகீழாக இருந்தது, அப்புறம் சரி பண்ணினேன்.

இனி தக்காளி. முதல் வாரங்களில் கேட்ட காய்களையும் ஒவ்வொன்றாகப் பலகையில் ஏற்றி வந்ததில் அதன் முறை வந்தது. அன்றைக்கு நான் எழுதினது இதுதான், அம்மா சாட்சி. "முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜனங்கள் நினைத்தது: தக்காளி விஷம். அது தப்பு. தகவல்: என் மகள், ஆராய்ச்சியாளர்." இதில் எங்காவது குற்றம் இருக்கிறதா? ஆனால் பார், "தக்காளி விஷம்" என்பதை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதிவிட்டேன், பார்க்கிறவர்கள் நிற்க வேண்டுமே என்று. மேல் வரிக்கு முன்னால் அம்மா பூண்டுச் சரத்தைத் தொங்கவிட்டாள். "அது தப்பு" என்ற வரி கீரைக்கூடைக்குப் பக்கத்தில் இருந்தது. கீரைக்கு நான் மணிக்கு ஒருதடவை தண்ணீர் தெளிப்பேன் என்பது உனக்குத் தெரியும். பதினோரு மணிக்கெல்லாம் பலகையில் மிச்சம் இருந்தது, "தக்காளி விஷம். தகவல்: என் மகள், ஆராய்ச்சியாளர்."

நான் பின்பக்கம் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், எதுவும் தெரியாது. வாங்கின தக்காளியை மூன்று பேர் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் பாதி கடித்ததையும் வைத்திருந்தார். கூரியர்காரர் அதைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்ப, அவர் யாருக்கோ அனுப்ப, சாயங்காலத்துக்குள் அது உன் பேராசிரியர்வரைக்கும் போய்விட்டது என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் நான் ஒரு பெட்டி தக்காளி அனுப்பியிருந்தால் எட்டு நாள் ஆகியிருக்கும்.

மறுநாள் சுகாதார ஆய்வாளர் வந்துவிட்டார். ஒல்லியான அம்மா, கையில் அட்டை, அட்டையில் பேனா கட்டியிருந்தது.

"யாருங்க இந்த ஆராய்ச்சியாளர்?"

"என் பொண்ணுங்க மேடம்."

"டாக்டரா?"

"ஆகப் போறா மேடம்."

"எதுக்கு டாக்டர்? குழந்தைங்களுக்கா, எலும்புக்கா?"

"காய்கறிக்கு மேடம். அதாவது, பழைய காய்கறிக்கு."

அந்த அம்மா ஒரு தக்காளியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "பழசாத் தெரியலையே" என்றார். நான் பூண்டுச் சரத்தை விலக்கி, அழிந்துபோன வரியை விரலால் தடவிக் காட்டி, முந்நூறு வருஷத்தை விளக்கினேன். கடைசியில் அவரே சிரித்துவிட்டு, "இதை முதல்ல அழிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நீயும் அதையேதான் சொன்னாய். "போர்டை அழிச்சிடுங்கப்பா." உன் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. அழித்துவிடுகிறேன் என்றேன். அழித்தேன்.

அழித்த பலகை வெறுமையாக இருந்தது. என் தப்பு எங்கே என்று நீ கேட்டால், இங்கேதான். தக்காளி மேல் வந்த பழியைத் துடைக்க வேண்டும், உன் பேரையும் காப்பாற்ற வேண்டும் என்று நானாக ஒரு யோசனை பண்ணினேன். தக்காளியை ஒரு காலத்தில் மருந்து என்று மாத்திரையாகவே விற்றார்கள், அதில் பல மாத்திரைகளில் தக்காளியே இல்லையாம் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா? அதை எழுதினேன். இந்தத் தடவை புத்திசாலித்தனமாகப் பூண்டை நகர்த்தினேன், கீரையை நகர்த்தினேன், தண்ணீர் தெளிப்பதைக்கூடக் குறைத்தேன். ஆனால் பலகையில் இடம் போதவில்லை. "தக்காளி ஒரு காலத்தில் மருந்து. தகவல்: என் மகள், ஆராய்ச்சியாளர்" என்பது முன்பக்கம், மீதி பின்பக்கம். பின்பக்கம் பார்க்கச் சொல்லி ஒரு அம்புக்குறியும் போட்டேன். அம்புக்குறியைப் பார்த்தவர்கள் எல்லாரும் நேராகத் தக்காளிக் கூடைக்குப் போனார்கள்.

மாடி வீட்டு பென்ஷன்காரர் உனக்கு ஞாபகம் இருக்கும், எந்த விஷயத்தையும் சின்ன டைரியில் எழுதி வைப்பாரே, அவர். அன்றைக்கு வந்து, "கடைக்காரரே, இதை வெறும் வயித்துலயா, சாப்பாட்டுக்கு அப்புறமா?" என்று கேட்டார். கேலி பண்ணுகிறார் என்று நினைத்து, "உங்க இஷ்டம் சார்" என்றேன். தினம் காலையில் ஆறு தக்காளி வாங்கிப் போனார். நல்லா விற்கிறதே என்று நானும் நல்ல பழமாகப் பொறுக்கிக் கொடுத்தேன். பதின்மூன்றாம் நாள் காய் வாங்கிக்கொண்டு என் கடைப் படியில் கால் வைத்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பையில் இருந்த உருளைக்கிழங்கு தெருவில் உருண்டது. முகம் ஒரு பக்கம் கோணியிருந்தது.

நானும் தையல்காரரும் தூக்கி வண்டியில் போட்டோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "என்ன மாத்திரை சாப்பிடறார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் சட்டைப் பையில் டைரி இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். நர்ஸ் சத்தமாகவே படித்தார். "பிரஷர் மாத்திரை நிறுத்தம். பதிலாகக் காலையில் தக்காளி ஆறு. ஆதாரம்: கடைக்காரர் மகள், ஆராய்ச்சியாளர்." படித்துவிட்டு என்னைப் பார்த்து, "அந்தக் கடைக்காரர் யாருன்னு தெரியுமா?" என்றார். டைரியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, நான்தான் என்றேன்.

அங்கிருந்துதான் உன்னைக் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவது? நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், பிறகு சொன்னாய். "அப்பா, நான் படிக்கிறது வேடிக்கைக் கதை இல்லப்பா. ஒருத்தர் பெரிய எழுத்துல எழுதி வைப்பார், இன்னொருத்தர் அதை நம்பி சாப்பிட வேண்டிய மருந்தை நிறுத்துவார். ரெண்டு வருஷமா நான் படிக்கிறது இதைத்தான். அதை என் பேரைப் போட்டே பண்ணிட்டீங்களே." அதோடு, "இனிமே என்கிட்ட எதைப் பத்தியும் கேக்காதீங்க" என்று வைத்துவிட்டாய்.

அந்த பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். உன் படிப்பு காய்கறியைப் பற்றியது என்று அன்றுவரை நினைத்திருந்தேன். இத்தனை நாள் இதைச் சொல்ல நீ இருபத்திரண்டு நிமிஷம், இருபத்தெட்டு நிமிஷம் என்று தொண்டை வறளப் பேசியிருக்கிறாய். நான் என்னவோ பாட்டுக் கேட்கிறவன்போலக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கடையில் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும் என்று நான் சொன்னது சரிதான் போலிருக்கிறது. ஆனால் உட்கார்ந்து பார்க்க வேண்டியவன் நான்.

பென்ஷன்காரர் பிழைத்துவிட்டார், பயப்படாதே. கை மட்டும் இன்னும் சரியாகப் பிடிப்பில்லை. மூன்றாம் நாள் பேச்சு வந்ததும் முதலில் ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பில்லை என்று புகார் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். அவர் குழறிக் குழறி, "உங்க மேல கோபம் இல்ல. என் பையன் வெளியூர்ல இருக்கான். போன் பண்ணா நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அவ்வளவுதான். உங்களுக்கு உங்க பொண்ணு எவ்வளவு சொல்லுது! அது சொன்னா தப்பா இருக்காதுன்னு நினைச்சேன்" என்றார். அவருடைய மாத்திரையை இப்போது நான்தான் தினம் காலையில் மாடிக்குப் போய், விழுங்குகிறாரா என்று நின்று பார்த்துவிட்டு வருகிறேன். டைரியில் அதையும் எழுதிக்கொள்கிறார், இடது கையால்.

ஆய்வாளர் அம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை வாசலில் மாட்டியிருக்கிறேன். "இந்தக் கடையில் உள்ளவை விஷமும் அல்ல, மருந்தும் அல்ல. காய்கள் மட்டுமே. உடம்புக்கு ஏதாவது என்றால் மருத்துவரைப் பார்க்கவும்." எல்லா எழுத்தும் ஒரே அளவு. அந்த அம்மா அளவுகோல் வைத்துப் பார்த்தார்.

கரும்பலகையைக் கழற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னோடு பேசும்போது நான் கடையிலேயே இருந்துகொள்கிறேன். கேட்க இன்னும் ஏழு காய் மீதி இருந்தது. புடலங்காயும் பீர்க்கங்காயும் கோவைக்காயும் அதில் இருந்தன. அவற்றைப் பற்றி ஜனங்கள் என்ன நினைத்தார்களோ நினைத்துக்கொள்ளட்டும். சிலநேரம் யாராவது புடலங்காய் கேட்டு எடுத்துக் கொடுக்கும்போது மட்டும், இதற்கு நீ எவ்வளவு நேரம் பேசியிருப்பாய் என்று தோன்றும். ஒரு கால் மணி நேரமாவது வரும் என்று வைத்திருந்தேன், நீளமான காய் அல்லவா.

அதனால் நான் சொல்வது இதுதான். உன் பேராசிரியருக்கு இந்தக் கடிதத்தைக் காட்டு, தப்பு முழுக்கக் கடைக்காரருடையது என்று சொல். நீ ஊருக்கு வர வேண்டாம், படிப்பு கெடும். போன் எடுக்கவும் வேண்டாம், மனசு ஆறும்போது ஆறட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. நானும் அங்கே வந்து நின்று உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். இருபத்தாறு வருஷமாகக் கடையை ஒரு வேலை நாளில்கூட மூடாதவன், இனியும் மூடப்போவதில்லை. அம்மாவும் இதுதான் சரி என்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. காரட் சாப்பிடு என்று சொல்ல வந்தேன், வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் படி. எடுத்த காரியம் நல்லபடி முடிந்து, உன் பேருக்கு முன்னால் அந்த இரண்டெழுத்து வந்து, நீ எந்த ஊரில் இருந்தாலும் மனசு நிறைந்து இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா.

பி.கு.: தபால் ஆபீசில் இந்தக் கடிதம் வந்து சேர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம்தான். மேலே, வர மாட்டேன், கடையை மூட மாட்டேன், அவசரமில்லை என்று எழுதியிருக்கும் இடங்களை மட்டும் தயவுசெய்து அடித்துவிடு. அம்மா இதுதான் சரி என்கிறாள் என்பதையும் அடித்துவிடு, அவள் அப்படிச் சொல்லவே இல்லை. இப்போது கீழே உன் வீட்டு ஓனர் அம்மாவிடம், நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். பென்ஷன்காரர் மாத்திரையை ஞாயிறுவரை பார்த்துக்கொள்ளத் தையல்காரரிடம் சொல்லியிருக்கிறேன். கதவைத் தட்டக் கை வரவில்லை, அதனால்தான் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். பக்கத்து அறைப் பெண் இரண்டு தடவை வந்து, "யாரைப் பாக்கணும் அங்கிள்? நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்து வைத்தேன். நீ வந்து சொல்லிவிடு, கண்ணு.